மூடிகள் வந்த நாள்

என் சிட்டுக்கு அக்கா எழுதுவது.

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நீ போய்ச் சேர்ந்த இடத்துக்கு அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இங்கே பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். சின்னவள் மட்டும் உன் தலையணையை யாரையும் தொட விடுவதில்லை. உறை துவைக்கக்கூடத் தரமாட்டேன் என்கிறாள். நானும் வற்புறுத்தவில்லை.

கடை விஷயம் சொல்கிறேன். வெறும் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்காமலே போய்விட்டாய். அதற்குப் பிறகு உன் வீட்டுக்காரர் ஷட்டரைத் திறப்பதே அபூர்வம். ஒரு நாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "பெரிய கடைங்க கழிச்சு விடுற சரக்கு அண்ணி. இன்னிக்கு இருக்கிறது நாளைக்கு இருக்காது. இதை வாயாலதான் விக்கணும். அந்த வாய் போயிடுச்சு. மாசக் கடைசியோட மூடிட்டு நான் யாருக்காவது லாரி ஓட்டப் போறேன்." லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வீடு வந்து சேரமாட்டார். தாயைத்தான் பறிகொடுத்தார்கள், தகப்பனும் ரோட்டிலேயே கிடந்தால் அந்தப் பிள்ளைகள் யார் முகத்தைப் பார்க்கும்? "மூட வேண்டாம், நான் விக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். பேரம் பேசினால் எதிராளி பக்கம் சாய்கிறவள் நான். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

காலையில் உன் போனை எடுத்து, நீ செய்வது போலவே தெருக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். வாளி, துண்டு, செருப்பு, சுவர்க் கடிகாரம், ஒன்று விடாமல் சொன்னேன். "எல்லாமே இருக்கு, எப்ப வேணும்னாலும் நிதானமா வாங்க" என்று மரியாதையாக முடித்தேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். உன் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

எதிர்வரிசைத் தையல்காரம்மாவிடம் போய்க் கேட்டேவிட்டேன். அவள் மெஷினை நிறுத்தினாள். "போன்ல உங்க தங்கச்சி பேர் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் பார்த்தா உங்க குரல். நல்லாத்தான் பேசினீங்க. ஆனா நீங்களே எப்ப வேணும்னாலும் வாங்கன்னுட்டீங்க, அப்ப என்ன அவசரம்னு இருந்துட்டேன். அவ பேசினா ஊசியைத் துணியிலேயே குத்தி வெச்சிட்டு ஓடி வருவேன். போறதுக்குள்ள தீர்ந்திடுமோன்னு பயம்" என்றாள்.

அன்றைக்குத்தான் கடையின் பின்னறையில் உட்கார்ந்து நீ பேசி அனுப்பிய பழையதை எல்லாம் கேட்டேன். அதுவரை தைரியம் வரவில்லை. "குடை வந்திருக்கு. பட்டனை அமுக்கினா திறக்காது, கையாலதான் திறக்கணும், அதான் இந்த விலை. சோம்பேறிங்க யாரும் வராதீங்க. இன்னொண்ணும் வந்திருக்கு, அதை இங்க சொல்லமாட்டேன்" என்கிறாய். அழுதுகொண்டே சிரித்தேனடி. சரக்கின் குறையை முதலில் சொல்கிறாயே, உனக்குப் பைத்தியமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "நாம சொன்னா விலைதான்கா குறையும். வாங்கினவ வீட்டுல போய்க் கண்டுபிடிச்சா நம்ம மதிப்பு குறையும்" என்றாயே. கூடவே வளர்ந்தவள் நான், உன்னை வாயாடி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். ஒரு தெருவையே குரலால் கட்டி இழுத்திருக்கிறாய்.

அந்த வாரம் உன் வீட்டுக்காரர் கடைசி லோடு என்று சொல்லி எடுத்து வந்தார். பாத்திரம் என்று நினைத்துப் பெட்டிகளைப் பிரிக்காமலே ஏற்றியிருக்கிறார். பிரித்தால் அத்தனையும் மூடி. பாத்திரம் ஒன்றுகூட இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ இருந்தா இப்படி எடுக்க விட்டிருப்பாளா அண்ணி" என்றார். நான் போனை எடுத்தேன். என்ன பேசினேன் தெரியுமா? "மூடி வந்திருக்கு. வெறும் மூடிதான், பாத்திரம் கிடையாது. எந்த அளவுன்னு எனக்கும் தெரியாது. வீட்டுல தட்டை வெச்சு மூடிக்கிட்டு இருக்கிறவங்க பாத்திரத்தைத் தூக்கிட்டு வாங்க. பொருந்தினா எடுத்துக்கோங்க, பொருந்தலைன்னா என்னைத் திட்டாதீங்க. நாளைக்கு இருக்குமான்னு கேட்காதீங்க."

தெருவே பாத்திரத்தோடு வந்ததடி! கரிபிடித்ததும், காது உடைந்ததும், ஒருத்தி கையில் இன்னும் சூடு ஆறாததும். தையல்காரம்மா ஒரு கையில் பானையும் மறுகையில் அளவு டேப்புமாக வந்து நின்றாள். ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒரு குண்டான் கொண்டுவந்து மூடி மேல் மூடியாக வைத்துப் பார்க்கிறார், ஒன்றும் பொருந்தவில்லை. அவர் வீட்டம்மா, "கல்யாணம் ஆன நாளா எனக்கே பொருந்தாத மனுஷன், மூடி எங்க பொருந்தப் போகுது" என்றாளே பார்க்கலாம். கடையே சிரித்தது. கடைசியில் ஒன்று டக்கென்று உட்கார்ந்தது. "ரைட், போகலாம்!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். நீ இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பாய்.

உன் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். மறுநாள் விடியும்போதே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் புது லோடோடு வந்து நின்றார். மாசக் கடைசி என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்குச் சின்னவளைப் பள்ளியில் விட்டு வந்தது அவர்தான்.

அந்த லோடில் ஒரு சாமான் பெட்டி பெட்டியாக வந்திருக்கிறது. மரப்பிடி, நடுவில் கம்பிச்சுருள், ஓரத்தில் குட்டிச் சக்கரம். திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒருவருக்கும் விளங்கவில்லை. இது என்ன மாப்பிள்ளை என்று கேட்டேன். சாமானை இறக்குகிற மும்முரத்தில், "அவகிட்ட கேளுங்க அண்ணி, அவளுக்குத் தெரியும்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கே இருந்தாலும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இரு, தாயே. பக்கத்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைச் சுமந்து திரிந்த அக்கா

காலையில் எல்லோருக்கும் பேசி அனுப்பியாக வேண்டும். சொல்லுடி சிட்டு, அந்தச் சாமான் எதற்கு?