உருளைக்குக் கொடுத்த சேவல்

ஐப்பசி 3, சனி

விடியல் முதல் தூறல். மூடுபனி. கற்பூரம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டியவை: கற்பூரம், திரிநூல், மாப்பிள்ளைக்குக் கட்டுத்துணி.

கட்டு மாற்றும்போது கோமதி முகத்தைத் திருப்பவில்லை. என் மகள் என்னைவிடத் திடமானவள். மாப்பிள்ளை நடராசனின் வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே. நடுவிலிருந்த மூன்றும் புரட்டாசி பிறந்த வாரத்தில் தேயிலைத் தொழிற்சாலையின் பல் உருளைக்குள். இலை அடைத்துக்கொண்டால் மெஷினை நிறுத்தாமலே தள்ளிவிடலாமென்று உருளையையும் அதைச் சுழற்றும் பெல்ட்டையும் மறைக்கும் பக்க மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அரைபட்டு வெளிவந்த இலை சிவந்திருந்ததாம். அதை வாரிக் கொட்டிவிட்டு ஷிப்டு முடியும்வரை ஓட்டினார்களாம். மறுநாள் முதல் எவரும் அதன் அருகே நிற்பதில்லை.

தை வரை மெஷின் பக்கம் போகலாகாது, லைட் வேலை மட்டும் என்பது அரசு மருத்துவரின் உத்தரவு. ஆகவே பெண்களோடு அமர்ந்து தூளில் காம்பு பொறுக்குகிறார்.

அங்கே நேற்று நடந்த பேச்சு, உடன் காம்பு பொறுக்கும் சரசுவிடம் கேட்டுக் கோமதி சொன்னது. மேஸ்திரி தங்கவேல்: "என்ன மாப்ள, வளையல் வாங்கியாரட்டுமா?" உடனே சரசு: "உங்க ஊட்டம்மா போட்டிருக்கறத கழட்டியாங்க மேஸ்திரி, அண்ணனுக்கு எடது கைக்கு ஆகும்." பெண்களிடையே சிரிப்பு. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார். சாமி படத்தின்மேல் ரசம். துடைத்தேன்.

ஐப்பசி 4, ஞாயிறு

மழை விட்டது. குளிர். முழங்கால் வலி.

தங்கவேல் வீடு தேடி வந்தான். எஸ்டேட் பள்ளியில் என்னிடம் தமிழ் படித்தவன். இன்றும் என் முன் உட்காருவதில்லை.

"ஐயா, ரத்தம் குடிச்ச மெஷினு சும்மா நிக்கக் கூடாதுங்க. சேவல் குடுத்துரலாம். கடிபட்ட கைக்காரன்தான் முதல்ல சுவிச்சுப் போடணும். இல்லீன்னா இன்னொரு கை கேக்கும்."

வழக்கம் அதுதான். இந்த மலையில் எத்தனையோ உருளைகளுக்கு நடந்திருக்கிறது. ஆலை வாசலில் உள்ள முனியப்பனுக்குக் கற்பூரம் காட்டுபவன் நான். உயிர்ப்பலிக்கு என் மனம் ஒப்பியதில்லை. அந்நேரம் கண்ணை மூடிக்கொள்வேன்.

கோமதி அடுப்படியிலிருந்து: "லைட் வேலைன்னா லைட் வேலைதான். சுவிச்சு எதுக்குங்க அவரு போடணும்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். உறக்கத்தில் கையை உதறி அலறுகிற மனிதர்.

"ஒருக்கா அமுக்கிட்டு வந்துருங்க மாப்பிள்ளை. பயம் தெளியும்" என்றேன்.

ஐப்பசி 6, செவ்வாய்

தெளிந்த வானம். விரதம்.

சேவலின் கழுத்து ஒரே வெட்டில் போகவில்லை. கண்ணை மூடினேன், காதை மூட மறந்தேன். தலையற்றது மெஷினின் அடியில் புகுந்து சிறகடித்தது. அதை இழுத்து உருளையின் பற்கள்மேல் பிழிந்தார்கள். மஞ்சளும் குங்குமமும் ரத்தமும் ஒன்றாய். பெண்கள் குலவையிட்டார்கள். மாப்பிள்ளை இடக்கையால் சுவிட்சை அமுக்கினார். கட்டுப்போட்ட கை நெஞ்சோடு. உருளை உறுமியது. நான் கற்பூரம் காட்டினேன். மானேஜர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

வழியில் மாப்பிள்ளை: "மாமா, கை நடுங்கலீங்க." முகத்தில் சிரிப்பு. விபத்துக்குப்பின் முதல் சிரிப்பு.

கோமதி பாயசம் வைத்தாள். மனம் நிறைந்தது.

ஐப்பசி 7, புதன்

மறுபடி மழை.

காலையில் காம்பு பொறுக்கும் இடத்தில் மாப்பிள்ளை உட்காரும் பலகை இல்லை. எடுத்துவிட்டார்கள். நாளைமுதல் உருளையில் முழு ஷிப்டு, இல்லையேல் வீடு.

மானேஜரிடம் போனேன். படத்தைக் காட்டினார். "மெஷினத் தானே ஓட்டிருக்காரு பாருங்க. அப்பறம் என்னங்க லைட் வேலை?"

"அது சாமி காரியம்."

"கற்பூரம் காட்டுனதே நீங்கதானுங்களே ஐயா. சாட்சியே நீங்கதான்."

 குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். 

கோமதி குன்னூர்த் தொழிலாளர் அலுவலகம் போய் நனைந்து வந்தாள். அங்கே சொன்னது: சுவிட்சை யார் அமுக்கினாலும் மருத்துவர் விதித்த தடை அப்படியே நிற்கும், மீறி மெஷினில் நிறுத்த ஆலைக்கு உரிமையில்லை, மறுத்தவரை வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. புகாரை வாங்கிக்கொண்டார்கள். அதிகாரி அடுத்த வாரம் வருவாராம்.

அடுத்த வாரம். அதுவரை மிச்சமிருக்கும் விரல்கள்?

மாலையில் பதிகம் ஓத அமர்ந்தேன். இறைவன் கருணையைச் சொல்லும் அடியில் சேவலின் கழுத்து தெரிந்தது. அடுத்த அடியில் அது மானேஜரின் கழுத்தானது. அந்த நினைப்பை நிறுத்தவில்லை. வெட்டு முடியும்வரை பார்த்தேன். பிறகு விபூதி பூசிக்கொண்டேன். கை குளிர்ந்திருந்தது.

ஐப்பசி 8, வியாழன்

வெயில். எழுதும் கையில் கன்றிப்போன தடம், எழுத்து கோணுகிறது.

காலை மாப்பிள்ளையோடு நானும் கோமதியும் போனோம். அவர் நேரே பெண்கள் நடுவே வெறுந்தரையில் அமர்ந்து காம்பு பொறுக்கத் தொடங்கினார். டாக்டர் சொன்ன வேலையை மட்டும் செய்வேன் என்றார். தங்கவேல் வந்தான். "எந்திரிடா." எழவில்லை. கட்டுப்போட்ட கையைப் பிடித்தே இழுத்தான். மாப்பிள்ளையின் அலறல். துணி அவிழ்ந்து தரையில் இழுபட, உருளைவரை கொண்டுபோனான். மாப்பிள்ளை இடக்கையால் ஒரு ஸ்பேனரை எடுத்து அவன் தோளில் அடித்தார். தங்கவேலின் ஆட்கள் இருவர் ஓடிவந்து அவரை வயிற்றில் மிதித்தார்கள். பின் தூக்கி நிறுத்தினார்கள், ஓடும் மெஷின் முன்னே. திறந்த உருளைக்கும் அந்தக் கைக்கும் இடையே ஒரு சாண்.

நான் வாசலுக்கு ஓடியதும் முனியப்பன் முன் நட்டிருந்த அரிவாளைப் பிடுங்கியதும் நினைவில் இருக்கின்றன. திரும்பி வந்தது நினைவில் இல்லை. வெட்டினேன். மெஷினின் பெல்ட்டைத்தான் வெட்டினேன். தங்கவேலின் கழுத்து அதைவிட அருகில் இருந்தது, அதையும் பார்த்தேன், எழுதி வைக்கிறேன்.

அறுந்த பெல்ட் பாம்பாய்த் துள்ளி என் கையில் ஓர் அடி. தங்கவேலின் வாயில் ஓர் அடி. பல் தெறித்தது. உருளை முனகி நின்றது. அவ்வளவு பெரிய கூடத்தில் தங்கவேல் துப்பும் ஓசை மட்டும்.

மானேஜர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அரிவாளோட அப்படியே நில்லுங்க. போலீசுக்குக் காட்டணும்."

"எடுங்க. மெஷினும் சேர்ந்து படத்துல விழட்டும். மூடி இருந்திருந்தா என் அரிவாள் பெல்ட்டுக்கு எட்டியிருக்குமா? அவர் விரல்தான் போயிருக்குமா?"

சரசு எழுந்தாள். "எடுங்க சார். செவ்வாக்கிழமை எடுத்தீங்களே, அதுலயும் மூடி இல்லீங்க. ரெண்டையும் அதிகாரிகிட்டக் குடுத்துரலாம்."

செல்போன் இறங்கிச் சட்டைப்பைக்குள் போனது.

பெண்கள் மாப்பிள்ளையை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நெருங்கி அமர்ந்துகொண்டார்கள். எவளோ அவருடைய பலகையைத் தேடி எடுத்துவந்தாள். மாலைவரை காம்பு பொறுக்கினார். யாரும் எழுப்பவில்லை. நாளைக்கும் அந்த இடம்தான் என்று மானேஜரே சொல்லியனுப்பினார்.

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

விளக்கேற்றியாயிற்று. பதிகத்தின் முதல் அடி வரவில்லை. மறுபடி முயன்றேன். வரவில்லை.

வளைவில் ஜீப் ஏறும் சத்தம். கோமதி கதவருகே போகிறாள். "அப்பா, போலீசு. சட்டையப் போட்டுக்குங்க" என்கிறாள். அரிவாளை இன்னும் முனியப்பனிடம் திருப்பி