பீமன் உன் இலையில் சாப்பிட்டான்

என் ராசா, என் தம்பி,

பீமன் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறான். அதே தேன் நிறம். மூஞ்சியில் மட்டும் கரி பூசியது போன்ற கறுப்பு. சாப்பாட்டு மேசைமேல் தாடையை வைக்க இப்போது குனிகிறான். சீமைக்குத் திரும்பிய துரை வீட்டிலிருந்து அவனை ரிக்‌ஷாவில் மடியில் வைத்து நீ கொண்டுவந்தபோது, "கன்னுக்குட்டியாடா இது?" என்றேன். "பாதத்தப் பாருக்கா. கிரேட் டேன் சாதி நாய்லா இது. ரெண்டு வயசு வரைக்கும் வளருவான்," என்றாய். அதைப் பார்க்க நீ இருந்திருக்கக் கூடாதா?

குணம் மாறவில்லை. அவன் குரைத்தால் சுங்கை பினாங் ஊர் முழுக்கக் கேட்கும். இடி இடித்தால் என் கட்டிலுக்கடியில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு நடுங்குவான். வருகிறவர்கள்மேல் சாய்ந்து நிற்பதையும் விடவில்லை.

உன்னைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு கஞ்சித் தண்ணீரை நக்கியதோடு சரி, சோற்றைத் தொடவில்லை. விலா எலும்பு தெரிந்தது. அவ்வளவு பெரிய உடம்பு உருகுவதைப் பார்க்கையில், உன்னை மறுபடியும் சாகக் கொடுப்பது போலிருந்தது.

"ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பிரு. செத்துப்போனா ஆளுக்கு வெட்டுற குழியில்ல வெட்டணும்," என்றார் நம்மை வளர்த்த அத்தை.

பதினாறாம் நாள் உனக்குப் பிடித்த கறிக்குழம்பு வைத்தோம். கொல்லைச் சுவர்மேல் இலை போட்டுக் காகத்தை அழைத்தோம். காகம் வருமுன் பீமன் எழுந்தான். முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி இலையை வழித்துத் தின்றான்.

"ஐயோ, எம்புள்ள சோறு!" அத்தை விறகுக்கட்டையை ஓங்கினார்.

நான் குறுக்கே நின்றேன். "திங்கட்டும் அத்த. இன்னைக்குத்தான் வாயத் தொறந்திருக்கான்."

"அப்ப எம்புள்ள? பசியோட போவானாடி?"

நான் கல்லூரியில் படித்தது எதுவும் அங்கே உதவவில்லை. மறுபடி சமைத்து வைத்தோம். பொழுது சாயும்வரை ஒரு காகமும் இறங்கவில்லை. அதுவரை பீமனை விரட்டக் கையில் வைத்திருந்த கட்டையைப் போட்டுவிட்டு அத்தை சுவரோரம் உட்கார்ந்து அழுதார்.

தம்பி, பசியோடுதான் போனாயா?

பீமனை எங்கும் அனுப்ப மாட்டேன். வருஷத் திதிக்கு இரண்டு இலை போடுவேன்: கீழே அவனுக்கு, கூரைமேல் உனக்கு. அன்றைக்கு உன் இலையில் காகம் வாய்வைக்கும்வரை நான் சாப்பிட மாட்டேன்.

உனக்கு முதல் சோறு ஊட்டிய,
உன் அக்கா