தம்பிராசாவின் கோப்புறை

14.05.2025 புதன்

கோயில் அலுவலகக் கணினியில் இடம் முடிந்துவிட்டதாம். சபைச் செயலாளர் கோபிசங்கர் காலையிலேயே வந்து நின்றான்.

"அண்ணை, பழசைக் கொஞ்சம் துடைச்சு விடுங்கோ. இல்லாட்டி இந்த முறைத் திருவிழாவை வீடியோ பிடிக்க ஏலாது."

துடைக்கிற வேலை என்றால் என் படலையைத் தட்டுவார்கள். காளாஞ்சி மரியாதை யாருக்கு என்றால் மட்டும், "சபை கூடித்தான் அண்ணை முடிவெடுக்கும்." மறுக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் அந்தக் கணினியை வேறு யாரும் தொடுவது எனக்குப் பிடிக்காது.

15.05.2025 வியாழன்

ஏழாம் திருவிழா எங்கள் அப்பாவின் உபயம். பூசை முடிந்ததும் ஐயர் உபயகாரரைக் கூப்பிட்டு முதல் காளாஞ்சியை, அந்த வெற்றிலை பாக்குப் பழத் தட்டை, கையில் தருவார். மூத்தவன் நான். எனக்குத்தான் வரவேண்டும். தம்பி தம்பிராசா சொல்வது வேறு. யுத்தம் முடிந்து சனம் ஊர் திரும்பிய முதல் வருடமே தான் வந்து பற்றை வெட்டி, திருவிழாவை நடத்தினானாம். நான் பதுளையில் கடைக்குள் இருந்தேனாம்.

இருந்தேன்தான். அதற்காகப் பிறந்த வரிசை மாறுமா?

போன வருடம் ஐயர் தட்டோடு எங்கள் நடுவில் நின்றார். இருவரும் கை நீட்டினோம். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்றோடு பேச்சில்லை. நடுவில் ஒரு வேலிதான். அவன் செருமுவதுகூட இங்கே கேட்கும்.

25ஆம் திகதி சபை கூடுகிறது. ஆதாரம் உள்ளவர் கொண்டுவரட்டுமாம். என்னிடம் இருக்கிறது. 2013இலிருந்து பிடித்த வீடியோ முழுவதையும் வருடவாரியாக என் கோப்புறையில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஐயர் எந்த வருடம் யார் கையில் காளாஞ்சி கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டுச் சனம் நேரலையைப் பார்த்துக் கும்பிட்டதோடு சரி. வேறு யாரும் எடுத்து வைக்கவில்லை.

17.05.2025 சனி

இடம் ஏன் முடிந்தது என்று இன்று கண்டுபிடித்தேன். 'தம்பிராசா' என்ற பெயரில் ஒரு கோப்புறை. உள்ளே ஏழாம் திருவிழா. அதே வருடங்கள், அதே படங்கள். ஒரு திருவிழா இரண்டு தரம்!

அவனுடைய மகள் கஜனியின் வேலை. ஊர்காவற்றுறையில் வங்கியில் இருக்கிறாள். முன்னொரு நாள், "அப்பான்ரை பேரிலையும் ஒண்டு இருக்கட்டும் பெரியப்பா" என்று கேட்டவள்தான்.

அடியோடு அழிப்பேன். கோபிசங்கர் துடைக்கத்தானே சொன்னான்.

18.05.2025 ஞாயிறு

றஸ்ற் மொழியில் எழுதுகிறேன். அறுபதுக்குப் பிறகு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே படித்த கணினிமொழி. கோப்புறையை உள்ளிருப்பவற்றோடு அழிக்க அதில் ஆயத்தமாகவே ஒரு கட்டளை உண்டு. எனக்கு வேண்டாம். மற்றவன் செய்து வைத்ததை நம்பும் பழக்கம் எனக்கில்லை.

உள்ளே ஏதாவது இருந்தால் கோப்புறையை அழிக்க முடியாது. ஆகவே முதலில் உள்ளே இறங்கவேண்டும். கோப்பா? அழி. இன்னொரு கோப்புறையா? அதற்குள்ளும் இறங்கி இதே வேலையைச் செய். வெறுமையானதும் அதை அழித்துவிட்டு ஒரு படி மேலே வா. நிரல் தன்னைத்தானே கூப்பிட்டுக் கூப்பிட்டு அடிவரை போகும். வீட்டுக் கணினியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோப்புறைகள் செய்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு தூசு மிஞ்சவில்லை.

20.05.2025 செவ்வாய்

ஓட்டினேன்.

ஓடி முடியும் தறுவாயில் நின்று, 'இது கோப்புறை அல்ல' என்று ஒரு பிழைச் செய்தி. இதென்ன கதை? உள்ளே இறங்குமுன் கேட்டபோது கோப்புறை என்றுதானே சொன்னது!

பிறகு என் கோப்புறையைத் திறந்தேன்.

ஒன்றுமில்லை. என்னுடையதில் ஒன்றுமே இல்லை.

21.05.2025 புதன்

கஜனிக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்க வேண்டி வந்தது.

"ஐயோ பெரியப்பா, அது கொப்பி எடுத்து வைச்சது இல்லை. இடம் காணாதெண்டு உங்கடை கோப்புறைக்கு ஒரு தொடுப்புத்தான் போட்டு விட்டனான். அப்பாவுக்குத் தன்ரை பேரைக் கண்டால் காணும்."

தொடுப்பு. வெறும் கைகாட்டி. என் நிரல் அது காட்டிய வழியே போய் என் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் அழித்திருக்கிறது. 'நீ கோப்புறையா?' என்று கேட்டால், தொடுப்பு தான் காட்டும் இடத்தைப் பார்த்து ஓம் என்றுதான் சொல்லுமாம். 'நீ தொடுப்பா?' என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆயத்தக் கட்டளை கேட்கிறது. நான் கேட்கவில்லை.

"உன்ரை அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றேன்.

"நான் சொல்லமாட்டன். ஆனால் நீங்கள் சொல்லத்தான் வேணும்."

23.05.2025 வெள்ளி

யாழ்ப்பாணத்துக்குக் கணினியைக் காவிக்கொண்டு போனேன். மீட்க ஏலாதாம். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன் — வட்டுப் பழுது என்று சொல்லிவிட்டால் என்ன? இந்த ஊரில் யாருக்கு விளங்கும்?

கஜனிக்கு விளங்கும். எனக்கும் விளங்கும். சீ.

25.05.2025 ஞாயிறு

சபை கூடியது. தம்பிராசா வெள்ளை வேட்டியோடு வந்து எனக்கு முன்கதிரையில் இருந்தான்.

"என்ரை பேரிலையும் உந்தக் கணினிக்கை கிடக்குது. போட்டுப் பாருங்கோ" என்றான் சபையைப் பார்த்து. அவனும் அதே படங்களை நம்பித்தான் வந்திருக்கிறான்!

எழும்பினேன். "போட ஒண்டும் இல்லை. நான்தான் அழிச்சனான்."

"என்ன அண்ணை," என்றான் கோபிசங்கர், "துடைக்கச் சொன்னால் கழுவி ஊத்திப்போட்டியள்!" எல்லோரும் சிரித்தார்கள். தம்பிராசா சிரிக்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"என்ரை பேரைத்தானே அண்ணை அழிக்க வெளிக்கிட்டனீங்கள்?"

"ஓம்."

"அழிஞ்சுதோ?"

"இல்லை. உன்ரை பேர் அப்பிடியே கிடக்கு. என்ரைதான் போயிட்டுது."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். சிரிப்பா, இருமலா, தெரியவில்லை. ஆதாரம் இல்லாததால் முடிவும் இல்லையாம். அண்ணனும் தம்பியும் பேசித் தீர்க்கட்டுமாம்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். மூத்தவன் நான்தான், அதற்கு வீடியோ எதற்கு?

02.06.2025 திங்கள்

நிரலைத் திருத்தினேன். இனித் தொடுப்பைக் கண்டால் அதை மட்டும் எடுத்துவிடும், அப்பால் போகாது. தம்பிராசாவின் கோப்புறையில் ஓட்டவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது.

12.06.2025 வியாழன்

ஏழாம் திருவிழா. வெக்கை. பூசை முடிய ஐயர் தட்டோடு வந்தார். இம்முறை நானும் கை நீட்டவில்லை, அவனும் நீட்டவில்லை. இரண்டு பேரும் தூணைப் போல நின்றோம்.

"ஆராவது ஒராள் வாங்குங்கோவன். எனக்குக் கை உளையுது" என்றார் ஐயர்.

"அண்ணை, போங்கோ" என்றான் தம்பிராசா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ வாங்கடா. எனக்கு நிண்டு களைச்சுப்போச்சு."

வாங்கினான். விட்டுக்கொடுத்தேன் என்று ஊர் சொல்லும். இல்லை. களைப்புத்தான்.

பின்னேரம் அலுவலகத்தில் கஜனி கமெராவிலிருந்து படங்களை ஏற்றினாள். "பெரியப்பா, இதை ஆரின்ரை பேரிலை போடுறது?"

தம்பிராசா வாசலில் நின்று மடைப்பள்ளிப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் இங்கே.

புதிதாக ஒரு கோப்புறை திறந்தேன். பெயருக்கான இடத்தில் இன்றைய திகதியை எழுதினேன். அதோடு விட்டேன்.