பாடலில் இல்லாத கோடு

அக்டோபர் 14, செவ்வாய்

என்னோடு டிராம் ஓட்டும் இல்வா, அந்த நாடகத்தின் மூல நாவலை நூலகத்திலிருந்து எடுத்துவந்து டெப்போவில் கொடுத்தாள். அறுநூறு பக்கம். "நாடகத்த ஆறு தடவ பாத்துட்டு புத்தகத்தத் தொடாமலே இருக்கியேடி, வெக்கமா இல்ல?" என்றாள். கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

ஆறாவது தடவையும் விளக்குப் பாட்டுக்கு அழுதேன். கதாநாயகி லோவிசா வெளியே போகும்போதெல்லாம் அவள் புருஷன், அந்தக் கேப்டன், ஜன்னலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு பாடுவாரே, அது. தோர்கெல் என்னை முதன்முதலில் கூட்டிப்போனது அந்த நாடகத்துக்குத்தான். டிசம்பர் 6 எங்கள் கல்யாணத்தில் அதைப் பாட ஆளும் ஏற்பாடு செய்துவிட்டான்.

அக்டோபர் 17

எண்பது பக்கம் மீனும் காற்றும் பாதிரியாரும். பாட்டு எங்கே?

அக்டோபர் 21

வந்தது. பாட்டாக இல்லை.

விளக்கின் கண்ணாடி எண்ணெய்க் குடுவையில் கேப்டன் கத்தியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார். லோவிசா கிளம்பும்போது அந்தக் கோடு வரை எண்ணெய் ஊற்றுவார். அது தீருவதற்குள் அவள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அடிப்பதில்லை, திட்டுவதும் இல்லை. கோட்டைக் கொஞ்சம் கீழே கீறுகிறார். அவ்வளவுதான்.

டெப்போ சாப்பாட்டு அறையில் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது தோர்கெல் போன் செய்தான். "உன் டிராம் ஒன்பது நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சே. யார்கூட உக்காந்திருக்க?"

எப்போதும் கேட்பதுதான். எப்போதும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். இன்று சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 22

சும்மா இரு, இங்கெலா. அது வெறும் புத்தகம்.

அக்டோபர் 26, ஞாயிறு

அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. தோர்கெல் அம்மாவுக்குப் பூங்கொத்து வாங்கி வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு தீவில் இருக்கும் அவன் அப்பா வீட்டுக்குக் குடிபோகிறோமாம். நான் டிராம் ஓட்டுவதை விட்டுவிடுகிறேனாம். எனக்கே அது அங்கேதான் தெரியவந்தது.

"குளிர்காலத்துல ஒரு நாளைக்கு ரெண்டே படகு, அத்தை. இவளுக்கு எதுக்கு அந்த அலைச்சல்?"

உன்னை இப்படித் தாங்குகிற ஆள் யாருக்குக் கிடைக்கும் என்று அம்மா உருகிப்போனாள்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. நீச்சலுக்குப் போவதை எப்போது நிறுத்தினேன்? ஞாயிறு பாட்டுக் குழுவை? நானாகத்தான் நிறுத்தினேன் — அப்படித்தானே நினைத்திருந்தேன்?

அக்டோபர் 30

புத்தகத்தைச் சீருடைப் பைக்கு அடியில் வைத்திருந்தேன். காலையில் அது எங்கள் சமையலறை மேசையில், என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. தோர்கெல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு ஒளிச்சு வச்சுப் படிக்கிற?"

ஒளிக்கவில்லை என்றேன்.

"நான் ஸ்கூல்லயே படிச்சிட்டேன். எனக்கு நாடகத்தவிட புத்தகம்தான் பிடிக்கும்."

ஏன் என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

"அவர் ஒரு வார்த்தை சத்தமாப் பேச மாட்டார், கவனிச்சியா? அவளாவே புரிஞ்சுக்குவா."

ரொட்டியை என் தட்டில் வைத்தான். முழுவதையும் சாப்பிட்டேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நவம்பர் 4

கடைசி அத்தியாயத்தைத் தனியாகப் படிக்கத் தைரியமில்லை. இல்வாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படித்தேன்.

நாடகத்தில் இருவரும் படகுத்துறையில் கட்டிக்கொள்வார்கள், திரை விழும். புத்தகத்தில் கேப்டன் செத்துப்போகிறார். அப்பாடா என்றிருந்தது. அடுத்த பக்கத்தில் அவர்கள் மகள் சந்தைக்குக் கிளம்புகிறாள். லோவிசா எழுந்துபோய் விளக்கை எடுத்து, கோடு வரை எண்ணெய் ஊற்றுகிறாள். முடிந்தது.

புத்தகத்தை மூடினேன். இல்வாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. "எப்போ கிளம்புற?" என்று மட்டும்தான் கேட்டாள். வேறு ஊரில், நார்ஷொப்பிங்கில், அவள் அக்கா வீட்டில் ஒரு அறை காலியாம். அங்கேயும் டிராம் ஓடுகிறது.

நவம்பர் 12

அவன் வேலைக்குப் போன அரை மணியில் கிளம்பினேன். இரண்டு பை. மாடிப்படியில் காலடிச் சத்தம் — மூன்று முறை நின்றுவிட்டேன். மூன்று முறையும் வேறு யாரோ. போனை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ரயில் நகரும் வரை அதன் கழிப்பறைக்குள் தாழ்போட்டு நின்றேன். யாரோ கதவைத் தட்டியபோது உயிரே போய்விட்டது. டிக்கெட் பரிசோதகர்.

நவம்பர் 13

இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. ஆனாலும் ஜன்னல் பக்கம் போக முடியவில்லை.

டிசம்பர் 6, சனி

காலையில் வேலை. முதல் முறையாக இந்த ஊர்த் தடத்தில் தனியாக ஓட்டினேன். மதியம் புது எண்ணிலிருந்து அம்மாவை அழைத்தேன். அவனை விட்டு வந்ததற்குத் திட்டுவாள் என்று பயந்துகொண்டேதான்.

தோர்கெல் மூன்று தடவை வந்தானாம். சமையலறையில் உட்கார்ந்து அழுதானாம்.

"எனக்கே பாவமாப் போச்சு, இங்கெலா. கண்ணத் துடைச்ச உடனே, நீ எத்தன மணிக்கு எனக்குப் போன் பண்ணுவேன்னு கேட்டான். அந்தக் கண்ணுல ஈரமே இல்ல. பண்றதே இல்லன்னுட்டேன். காபி போட்டுக் குடுத்து அனுப்பிட்டு, கதவச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுட்டேன்."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் நம்பினேன்.

முகவரியைச் சொன்னேன். மெதுவாக இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பேனா எடுத்துக்கொள் அம்மா என்றேன்.

"எழுத மாட்டேன். மனப்பாடம் பண்ணிக்கறேன்."