சகலை, உங்கள் இழைப்புளி என் சாப்பாட்டு மேஜையில் இருந்தது

என்றும் என் பிரியத்துக்குரிய சகலைக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் வியாழக்கிழமை உண்டா என்று தெரியவில்லை. இங்கே அது வாராவாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் பழக்கதோஷத்தில் ஜுமேராத் பஜாருக்குப் போய், தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் விற்கிறவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் யாராவது கைகொடுக்கக் காத்திருக்கிறேன். முன்பு அந்தக் கை உங்களுடையது.

நம் ஆட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. ஒருவர் பழைய இழைப்புளி வாங்கிவர வேண்டும், மற்றவர் அதைக் கழற்றிப் பார்த்து வயது சொல்ல வேண்டும். அத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. நிஜாம் காலத்துச் சாமான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் தூக்கிவந்த ஒன்றின் கைப்பிடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக், சகலை" என்றீர்கள். காபி கொண்டுவந்த சாரதாக்கா டம்ளரை வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது. உங்களுக்குமா?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளை பிரபு, ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டை விற்றுவிட்டு அக்காவைக் கொண்டாப்பூருக்குக் கூட்டிப் போவதென்று முடிவெடுத்தான். வாங்குகிறவர் வந்து சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டும் போய்விட்டார். காரணம் நீங்கள்தான். மத்தியானத்தில் உங்கள் பால்கனி அறையிலிருந்து மரம் இழைக்கிற சத்தம் வருகிறதென்று கீழ்வீட்டு ரத்னம்மா கேட்டிருக்கிறாள். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமா, அவர்தான். சாயங்காலம் நிறுத்திடுவார்" என்று சொல்லியிருக்கிறாள்.

பிரபு எனக்கு போன் செய்தான். "சித்தப்பா, அம்மாவுக்கு மைண்ட் சரியில்ல. பக்கத்து காலி மனைல கட்டடம் கட்றாங்க, அந்த சவுண்ட் அது. அம்மா அப்பான்னு சொல்றாங்க. தனியா விட முடியாது. நீங்க சொன்னா கேப்பாங்க, ப்ளீஸ்" என்றான். என் சொல்லை நான் செய்த நாற்காலியே கேட்பதில்லை, உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. இருந்தாலும் பார்க்கிறேன் என்றேன்.

அதற்குள் கோமதி தன் அக்காவோடு பேசிவிட்டாள். "பதினாலாவது மாடியாம்டி கோமு. அவர் எப்படி ஏறி வருவார்?" என்றாளாம் அக்கா. "லிஃப்ட் இருக்கேக்கா" என்றாளாம் என் மனைவி. சொல்லிவிட்ட பிறகுதான் தான் எதற்குப் பதில் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு ரசத்தில் உப்பில்லை. நான் கேட்கவும் இல்லை.

இந்த நிலவரத்தில்தான் ஒரு வியாழக்கிழமை, யூசுஃப் பாயின் தார்ப்பாயில் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் காதில்லாத டெலிபோனுக்கும் நடுவே அந்த இரும்பு இழைப்புளியைப் பார்த்தேன். பேரம் பேசாமல் வாங்கினேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துக் கழற்றினேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே போனேன். முன்னால் இருக்கிற குமிழ் குட்டையாக இருந்தது, ஆகவே உடம்பு முதல் உலக யுத்தத்து வாக்கில் பிறந்தது. உள்ளே அலகை ஏற்றி இறக்குகிற சக்கரமோ பித்தளையில் இல்லை, வெறும் எஃகு. அடுத்த யுத்தத்தில் பித்தளையெல்லாம் தோட்டா செய்யப் போய்விட்டதால் சக்கரத்துக்கு எஃகுதான் கிடைத்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அலகைப் பார்த்தால் நம் கல்யாணங்களுக்கெல்லாம் பிற்பாடு வார்த்தது. மூன்று காலத்துச் சாமான்கள் ஒரே உடம்பில், மாமியார் மருமகள் பேத்தி மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு கலப்படத்தை வேண்டுமென்றே செய்து, என் முன்னால் வைத்து, நான் உளறுவதை ரசிக்கக்கூடிய ஆசாமி இந்த ஊரில் ஒருத்தர்தான் இருந்தார்.

சிரிப்பு நின்றது கைப்பிடியைத் தொட்டபோது. பின்பக்கக் கைப்பிடியில் கட்டைவிரல் பதிய ஒரு பள்ளம் அரத்தால் ராவியிருந்தது. பள்ளம் வலது பக்கத்தில் இருந்தது. இடது கையால் பிடிக்கிறவருக்குத்தான் கட்டைவிரல் அந்தப் பக்கம் வரும். சாப்பாட்டைத் தவிர எல்லாவற்றையும் இடது கையால் செய்த சகலை, அதை எனக்குக் காட்டாமல் எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?

சரி, பிரபு உங்கள் சாமான்களைக் கொடுத்துத் தீர்த்தபோது இதுவும் போயிருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு அலகைத் தூக்கிப் பார்த்தேன். வாயில் ஒரு சீவல் சிக்கியிருந்தது. சுருண்டு, வெளுப்பாக, தொட்டால் இன்னும் துவண்டது. பழைய சீவல் கறுத்துப்போய், தொட்டதும் நொறுங்கும் அல்லவா? அலகின் முனையும் கண்ணாடி மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாணை பிடித்ததுபோல.

கோமதி தட்டை எடுக்க வந்தவள் மூக்கைச் சுளித்தாள். "ஏங்க, இதை எங்கேருந்து எடுத்துட்டு வந்தீங்க?"

"பஜார்லேருந்து."

"இது அக்கா காய்ச்சற எண்ணெய்ங்க. கரிசலாங்கண்ணி."

உண்மைதான். வேலை முடிந்ததும் இழைப்புளியை அக்காவின் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயால் துடைத்து வைப்பது உங்கள் வழக்கம். வழுக்கைத் தலைக்கு எதற்கு மாதம் ஒரு சீசா என்று கோமதி கேட்டு, பதிலுக்கு நீங்கள் இழைப்புளியின் தலையைத் தடவிக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் இரும்பில் தடவிய எண்ணெய் ஒரு மழைக்காலத்தில் பிசினாகிவிடும் என்று சொன்னவரும் நீங்கள்தான். நீங்கள் போனது போன சங்கராந்திக்கு முன்னால். மழைக்காலம் வந்து, போயும் விட்டது. இந்த எண்ணெயோ என் விரலில் ஈரமாக ஒட்டியது.

யுத்த காலம், அதற்கு முந்தைய யுத்த காலம் என்று வயது சொல்லிக்கொண்டிருந்தவன், கடைசியில் போன மாதம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த வியாழக்கிழமை யூசுஃப் பாயிடம் போனேன். "கைக்கு சாப், வாபஸ் கர்ரே?" என்றார், திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து. நக்கோ, வாபஸ் வேண்டாம், இதைக் கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஒல்லியான ஆளாம். முன்வழுக்கையாம். சட்டைப் பையில் பேனா. இடது தோளைச் சற்று இறக்கி நடந்தாராம். காசு வேண்டாம், நல்லவர் கையில் போனால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். எப்போது? போன மாதம்.

ஆட்டோவில் திரும்பி வந்தேன். ஓரமாகவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தேன் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். மணி அடித்தேன். கதவைத் திறந்தது நீங்கள்.

என் வயதில் ஒருவன் மாடிப்படியில் விழுந்து சாவதற்கு அது போதும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பிரபு. தலைமுடி கொட்டிப் போயிருக்கிறது. பையில் பேனா. அந்தத் தோள்கூட வந்துவிட்டது. பையிலிருந்து நான் எடுத்ததைப் பார்த்து அவனும் வெளுத்தான்.

"சித்தப்பா, இதை நான் பஜார்ல குடுத்துட்டு வந்தேன். மறுபடி எப்படி வந்தது?"

நடந்தது இதுதான். பெஞ்சைத் தவிர உங்கள் எல்லாச் சாமான்களையும் கொடுத்தபோது அக்கா இதை மட்டும் பீரோவில் புடவைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருக்கிறாள். கண்ணில் படாமல் இருந்தால் அம்மா மறந்துவிடுவாள் என்று நினைத்து, அவளுக்குத் தெரியாமல் பிரபு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். "அதுக்கப்புறம் சவுண்டைப் பத்திப் பேசறதே இல்ல. ஆனா எதைப் பத்தியும் பேசறதில்ல சித்தப்பா. சரியா சாப்பிடறதும் இல்ல" என்றான்.

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. பஜார்க்காரர் பார்த்த ஆள் பிரபு. எண்ணெய் அக்காவுடையது. அப்படியானால் சீவலும் சாணையும் சத்தமும்கூட அக்காவுடையதுதானே? உட்கார்ந்து பிரபுவுக்கு விளக்கினேன். உங்கம்மாவுக்குப் பைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. மத்தியானத்தில் பொழுது போகாமல் தானே இழைக்கிறாள். தூக்கம் கெடுகிறதென்று ரத்னம்மா கேட்டதும், குறும்பாக உங்கப்பா தலையில் பழியைப் போட்டுவிட்டாள். இதற்குப் போய் வீட்டை விற்பார்களா?

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள். இழைப்புளியைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நிஜமாவா? நீதான் இழைச்சியா?" என்றான் பிரபு.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "ஹவ்" என்றாள், ஆமாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில். "நான்தான்."

பிரபு உங்கள் பிள்ளை. வாயால் சொன்னதை நம்புகிற வம்சமா அது? "அப்ப செஞ்சு காட்டும்மா" என்றான்.

பால்கனி அறைக்குப் போனோம். உங்கள் பெஞ்சில் நீங்கள் கடைசியாக இழைத்துக்கொண்டிருந்த தேக்குப் பலகை இறுக்கி வைத்தபடியே இருந்தது. அலகை ஒரு மயிரிழை கூடுதலாக இறக்கினாலும் அது மரத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் நான் ஒரு முழுச் சீவல் எடுத்ததில்லை. அக்காவுக்கு வரவில்லையென்றால் கொண்டாப்பூர்தான், அதுவும் நான் உளறியதாலேயே.

அவள் இழைப்புளியை வாங்கி, இடது கையால் பிடித்தாள். சர்ரென்று ஒரே இழுப்பாக ஒரு சத்தம். பலகையின் இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடி வரைக்கும் அறாமல், அலகின் முழு அகலத்துக்கு, வெங்காயச் சருகு போல ஒரு சீவல் சுருண்டு தரையில் விழுந்தது. கீழ் பால்கனியிலிருந்து ரத்னம்மாவின் குரல் வந்தது. "சாரதம்மா, மள்ளீ மொதலு பெட்டாரா?" மறுபடி ஆரம்பித்துவிட்டாரா என்று கேட்கிறாள். நிம்மதியாகக் கேட்டதுபோல இருந்தது.

பிரபு சீவலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஸாரிம்மா" என்றான். அங்கே நின்றபடியே வாங்குகிறவருக்கு போன் செய்து, வீட்டை விற்கவில்லை, அம்மா இங்கேதான் இருப்பார்கள் என்று தெலுங்கில் சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் வாங்கிவரக் கீழே இறங்கினான்.

நான் சமையலறை வாசலில் நின்றேன். பெரிய துப்பறிவாளன் என்ற தோரணை எனக்கு. "அக்கா, பலே ஆளு நீங்க. எங்கே கத்துக்கிட்டீங்க இதை?"

அவள் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். "எது தம்பி?"

"இழைக்கிறது."

"நான் எங்கே இழைச்சேன்? சாயங்காலம் எண்ணெய் போட்டுத் துடைச்சு உள்ளே வைப்பேன். சீவலைக் கூட்டி அள்ளுவேன். என் வேலை அவ்வளவுதான்."

"இப்ப இழைச்சீங்களே."

அவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. "பிரபு முன்னால நான் பொய் சொல்லிட்டு முழிக்கிறேன்னு பாவம் பார்த்தார் போல" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "எனக்கு வேற கவலை தம்பி. அந்தப் பலகையைப் பார்த்தீங்கல்ல? நடுவுல எவ்வளவு மெலிஞ்சு போச்சு. அது தீர்ந்துபோச்சுன்னா அவர் எதுக்கு வருவார்?"

அதற்குள் பாலோடு பிரபு வந்துவிட்டான். காபி குடித்தேன், அதில் சர்க்கரை இருந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கிளம்பும்போது இழைப்புளியை பீரோவுக்குள் அவளே வைத்துப் பூட்டினாள்.

ஊரைக் கேலி செய்து எழுதிப் பிழைக்கிறவன் நான். பேய்க் கதை சொல்கிறவர்களின் மானத்தை எத்தனை பேர் முன்னால் வாங்கியிருக்கிறேன். என்னைப் போய் இந்தப் பொய்யில் கூட்டாளி ஆக்கிவிட்டீர்களே, சகலை. அக்கா தனியாகக் கற்றுக்கொண்டு என்னை ஏமாற்றுகிறாளா? இல்லை, ஆட்டத்தை நீங்கள் இன்னும் முடிக்கவில்லையா? கோமதியிடம் பாதிதான் சொன்னேன். மீதியை அவள் கேட்கவில்லை, ஆனால் ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை.

இதை அச்சில் போடுகிறேனே, பிரபு பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் பதறவேண்டாம். தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் எல்லாம் படிக்க வைத்தீர்கள், தமிழ் எழுத்து மட்டும் அவனுக்குத் தெரியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் எழுதுகிறேன். படிக்கிற மற்றவர்கள் அவனுக்குப் படித்துக் காட்டாதிருந்தால் புண்ணியம்.

நேற்று மரக்கடைக்குப் போனேன். தேக்கில், முடிச்சில்லாத, நேராக இழை ஓடுகிற பலகையாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் செலவுக்குக் குறைச்சலில்லை, பாவமாகப் பார்க்காதீர்கள். மெலிந்த பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை பெஞ்சில் மாட்டித் தருவது இனி என் பொறுப்பு. மத்தியானத்தில் வரமாட்டேன், காலையிலேயே வந்து மாட்டிவிட்டுப் போய்விடுவேன். நான் இருக்கிறவரைக்கும் உங்களுக்கு மரம் தீராது. நீங்கள் பாட்டுக்கு இழையுங்கள், ரத்னம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோமதியின் புருஷனும்
உங்கள் ஒரே சகலையுமான
சிதம்பரம்