பதினேழு நோட்டும் ஒரு கந்தலும்

ராஜா அண்ணாமலைபுரம்,
சென்னை - 28.
8.12.2025, திங்கட்கிழமை

என் தங்கப் பேத்தி தமிழ்நிலாவுக்கு, உன் ஆயா பாஞ்சாலி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லார் உடம்பும் நன்றாக இருக்கிறது. என் மனசு மட்டும் பதினோரு நாளாகச் சரியில்லை.

உன் அப்பன் அனுப்பிய போட்டோவை நீ பார்த்துவிட்டாய் என்று நீல டிக் காட்டுகிறதாம். அன்றிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. அவனுக்கு மட்டும் "வேலையா இருக்கேன்பா" என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். அதனால்தான் கடிதம். இதைக் கட் பண்ண முடியாது பார். ஐந்தாவதோடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். கல்கத்தாவுக்கு வேலைக்குப் போகும்போது நீ சேர்த்த பழைய நோட்டு பதினெட்டையும் ஆல்பத்தோடு என்னிடம் கொடுத்தாய். ஹாஸ்டலில் பாதுகாப்பு இல்லை, ஆயாவிடம் இருந்தால் பத்திரம் என்றாய். எனக்கு அது எவ்வளவு பெருமை தெரியுமா? என் பேத்தி ராஜா தலை போட்ட நோட்டு, இலங்கை நோட்டு, பாகிஸ்தான் நோட்டு எல்லாம் வைத்திருக்கிறாள், தை மாசம் தி. நகர் கண்காட்சியில் அவள் பெயருக்கு ஒரு மேஜையே போடுகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

போன மாசம் மூன்று நாள் விடாத மழை. நம் கீழ்வீட்டு வாசற்படி வரைக்கும் தண்ணீர். எனக்கு அந்தப் பெரிய வெள்ளம்தான் கண்ணுக்குள் வந்தது. அன்றைக்கு ஆத்துத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கூழாக்கியதில், லேமினேஷன் போட்டிருந்த ஒரே காரணத்தால் உன் பிறப்புச் சான்றிதழ் மட்டும் தப்பித்தது. அதனால் மழை விட்டதும் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்வர்ணலதாவிடம் ஓடினேன். பதினேழு நோட்டையும் பளபளவென்று லேமினேஷன் போட்டுக்கொடுத்தாள். பர்மாவில் மட்டும் செல்லும் என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறதே, அந்த ஒன்றை மட்டும் தள்ளி வைத்துவிட்டாள். "ஆயா, இது ஒரே கந்தலா கீது, மிஷின்ல வுட்டா சுத்திக்கும்" என்றாள். நீ அதை வாங்கிவந்த அன்று நானும் கந்தல் என்றுதான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பன் போட்டோ எடுத்து, "பார்றா நிலா, எங்கம்மா இன்னா வேலை பண்ணிகீதுன்னு" என்று உனக்கு அனுப்பினான். பாராட்டாகத்தான் அனுப்பினான். அவனைத் திட்டாதே. தரமணி ஆபீஸ் வேன் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

நீ போன் பண்ணுவாய், பண்ணுவாய் என்று பார்த்தேன். மாடி வீட்டுக் கோமளம், "இன்னா பெரிம்மா, ஞாயித்திக்கெழம ஆனா உன் சிரிப்பு எங்கூட்டு வரைக்கும் கேக்குமே, ரெண்டு வாரமா சத்தத்தையே காணோம்" என்று கேட்டுவிட்டாள். கல்கத்தாவில் டவர் இல்லை என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம் பொறுக்க முடியாமல், கண்காட்சி நடத்துகிற பரத்வாஜ் ஐயா வீட்டைத் தேடிப் போய் நோட்டுகளைக் காட்டினேன். என்னைவிட நாலு வயசுதான் சின்னவர் இருப்பார், என்னையே பாட்டி என்கிறார். கையில் வாங்கினார், கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பாட்டி, சூடு வெச்சுட்டேளே" என்றார். அந்தச் சூட்டில் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடுமாம். பிரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடுமாம். சேர்க்கிறவர்கள் இனி இதைத் தொடமாட்டார்களாம். உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார். அதை ஓரமாக வைத்துவிட்டு நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

"நீங்களா ஒண்ணும் பிரிச்சுப் பாக்கலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய். நிலா, உன்னிடம் மறைக்கமாட்டேன். நீ பேசாமல் இருந்த ஆறாவது நாள், பிளேடு எடுத்து இலங்கை நோட்டில் ஒரு ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் தமிழ் இருக்கிறது என்று உனக்கு முதலில் படித்துக்காட்டியது நான்தானே, அதனால் அது என் கைக்கு அடங்கும் என்று நினைத்துவிட்டேன் போல. 'இரண்டு ரூபாய்' என்பதில் 'ரூ' பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. அப்படியே திரும்ப ஒட்டி வைத்தேன். அது ஒட்டவில்லை.

இப்போது உருப்படியாக இருப்பது அந்தக் கந்தல் ஒன்றுதான். பரத்வாஜ் ஐயா அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இது பொழைச்சுது" என்றார். அந்த ஒன்றை வைத்தாவது உன் மேஜையைப் போடலாமாம். ஆனால் நீ வருகிறாயா என்று இந்த மாசம் இருபதுக்குள் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் மேஜை வேறு ஆளுக்குப் போய்விடும். அவரும் உனக்குப் போன் பண்ணினாராம், நீ எடுக்கவில்லையாம். அதைக் கேட்டதும்தான் வீட்டுக்கு வந்து இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கோபம் என்மேல் என்றால் என்மேல் காட்டு. உன் மேஜைமேல் காட்டாதே.

கந்தலை அதன் பழைய பையிலேயே வைத்து, பரண்மேல் ஏற்றிவிட்டேன். நான் தொடுவதில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குகிறேன், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருந்தாயே, அதைக் கேன்சல் செய்துவிட்டாயா என்று அப்பனிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வந்து என்னோடு பேச வேண்டும் என்றில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு தி. நகருக்குப் போ. நான் வாசலில் நிற்கமாட்டேன், சமையல் கட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தால் கிழித்துப் போடு கண்ணு. வெறும் காகிதத்தில்தான் எழுதியிருக்கிறேன், கிழியும்.

நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் ஆயா,
பாஞ்சாலி