அளக்காத தண்ணீர்

2009 மே 17, ஞாயிறு

வோபர்னில் நான் பராமரிக்கும் வெள்ளைக்காரக் கிழவர் இன்று தன் தகப்பனின் பெட்டியைத் திறந்தார். தகப்பன் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. பதின்மூன்று வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து கப்டனாக ஓய்வு பெற்றவர். முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னர் இலங்கைக் கரையை அளந்து வரைபடம் போட்டதுதான் அவருடைய உத்தியோகத்தில் பெரிய காரியமாம். அந்த வரைபடத்தைக் கிழவர் மேசையில் விரித்தார்.

என் விரல் தானாக முல்லைத்தீவுக்குப் போனது. கடல் முழுக்க இலக்கங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி ஆழம் பார்த்திருக்கிறார்கள். நாலு பாகம், ஆறு பாகம், ஒன்பது பாகம்; ஒரு பாகம் ஆறடி. கரைக்கு உள்ளே நந்திக்கடல் நீரேரியில் மட்டும் ஓர் இலக்கமும் இல்லை.

"இதை ஏன் அளக்கவில்லை?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. கிழவர் திடுக்கிட்டார்.

"அங்கே கப்பல் போகாதே," என்றார்.

செத்து எத்தனையோ வருடமான அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

தம்பி வியாழக்கிழமை அங்கே சண்டைக்குள் இருந்து போனில் கதைத்தான். "அக்கா, மகளையும் கொண்டு நந்திக்கடலாலை கடக்கப் போறன். தண்ணி கழுத்தளவுதானாம். பயப்பிடாதை." பிறகு ஒரு தகவலும் இல்லை.

வீட்டில் என் கணவர் கட்டிலில் இருந்து கூப்பிடுகிறார். "சண்டை முடிஞ்சுதெண்டு ரீவியிலை சொல்லுறாங்கள். வந்து படுமப்பா."

தம்பியின் மகளுக்கு ஐந்து வயது. யாருடைய கழுத்து என்று நான் அவனிடம் கேட்கவில்லை.